கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு: வெயில், கோயில் தரை, செருப்பு, புண் – பொது இழை

#1 பாலாற்றங்கரை

கத்திரி வந்துவிட்டது. வேலூரில் 105, 106 டிகிரி என்று பேப்பரில் வருகிற வாரங்களில், கட்டுப் போடும் அறைக்கு ஒரே மாதிரிப் புண்கள் வரும். உள்ளங்காலின் முன்பகுதியில் பெரிய கொப்புளம், பெரும்பாலும் இரண்டு காலிலும். வலிக்கிறதா என்றால் இல்லை. எப்போது சுட்டது என்றால் தெரியாது. நேற்று எங்கே போனீர்கள் என்று தோண்டிக் கேட்டால்தான் கோயில் பிராகாரம், மொட்டை மாடியில் வடாம் காயவைத்தது, பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மாத்திரை, இன்சுலின் அளவுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே பாதத்தை மட்டும் பேசலாம்.

முதுகுத்தண்டின் பக்கத்தில் இருக்கும் நரம்புச் செல்லிலிருந்து கால் கட்டைவிரல் நுனிவரை ஒரே இழை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்த இழையும் கெடும், அதற்குத் தீனி கொண்டுபோகிற நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெடும். நீளமான இழைக்குத்தான் முதல் அடி. அதனால் விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை போடுவதுபோல மேலே ஏறும். முழங்கால் பக்கம் எட்டும்போது கைவிரல் நுனியும் மரக்க ஆரம்பித்திருக்கும்.

கெடுவது உணர்வு நரம்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பும் கெடுகிறது. தசை சூம்பினால் விரல்கள் கொக்கியாக மடங்கும், விரலின் மேல்முட்டி செருப்பு வாரில் உரசும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகள் கீழே துருத்தும். அந்த முனைகளுக்கு அடியில் மெத்தையாக இருந்த கொழுப்பும் முன்பக்கம் நகர்ந்துவிடும். மூன்றாவது, வியர்வை நரம்பு. வியர்வை நின்ற தோல் காய்ந்து குதிகாலில் பித்தவெடிப்பாகப் பிளக்கிறது. கிருமிக்கு அது திறந்த கதவு. இதே நரம்புதான் பாதத்தின் ரத்தக்குழாய்களையும் சுருக்கி விரிக்கிறது. அது போனபின் கால் சூடாக, ரத்த நாளமெல்லாம் புடைத்துத் தெரியும். அதைப் பார்த்து ரத்த ஓட்டம் ஜோராக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

#2 வாலாஜா_வண்டி

அதெல்லாம் சரி சிஸ்டர். எங்க பக்கம் சொல்றது இன்னான்னா, சுகர் ஏறினா சதை தானா அழுகும், ஒருக்கா புண்ணு வந்தா கால எடுத்துடுவாங்கன்னு. அது உண்மையா இல்லையா?

#3 கோட்டை_மதில்

சதை தானாக அழுகுவதில்லை. இதைத் தொழுநோயில் நிரூபித்த ஊரே நம் ஊர்தான். 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்தும் குறைகின்றன என்று காட்டினார். இரவில் படுத்தவர் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு இல்லை. தேடிப் பார்த்ததில் எலி. நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் எலிக்கடி நடக்கிறது; தரையில் படுப்பவர்கள் பாதத்தை மூடிப் படுப்பது நல்லது.

1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், அதே முறைகள் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பரவின. புண் எப்படி உண்டாகிறது என்பதற்கு அவர் பிரித்துச் சொன்ன வகைகள் இன்றும் பாடம்:

ஒன்று, லேசான அழுத்தம் மணிக்கணக்கில் விடாமல் இருப்பது. இறுக்கமான புது ஷூவின் ஓரம் அப்படித்தான். அழுத்திய இடத்துக்கு ரத்தம் போகாமல் தோல் செத்துவிடும். இரண்டு, ஒரே அடியில் பெரிய விசை. முள், கண்ணாடி, ஆணி. மூன்று, நடுத்தர அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை. இதுதான் அதிகம் நடப்பது, கண்ணில் படாமல் நடப்பதும் இதுதான். உணர்வு உள்ளவர் கொஞ்சதூரம் நடந்ததும் தெரியாமலே பாரத்தை மாற்றி ஊன்றுவார், லேசாக நொண்டுவார், உட்காருவார். மரத்த கால் முதல் அடி வைத்த மாதிரியே கடைசி அடியும் வைக்கும். அந்த இடம் முதலில் சிவக்கும், சூடாகும், காய்ப்புக் கட்டும். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கசிந்து குழி விழும். மேலே பார்த்தால் காய்ப்பு, உள்ளே புண். சூடு நான்காவது. கிருமி கடைசியில்தான் வருகிறது. கிருமி வந்தபின், அல்லது ரத்தக்குழாய் அடைத்திருந்தால்தான், நீங்கள் சொல்கிற அழுகல்.

கால் எடுப்பது எல்லாருக்கும் வருவதில்லை. பாரத்தை எடுத்தால் ஆறுகிற புண்ணை, நடந்துகொண்டே களிம்பு பூசி வளர்ப்பதில்தான் பாதி அங்கே போகிறது.

#4 சோளிங்கர்_படி

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? ஆஸ்பத்திரியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துக் குத்திப் பார்த்தார்களாம் அப்பாவுக்கு.

#5 பாலாற்றங்கரை

அது 10 கிராம் மோனோஃபிலமென்ட். நைலான் இழை. தோலில் நேராக வைத்து, இழை வளையும்வரை அழுத்தி, ஒன்று இரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். வளைகிற அந்த நேரத்தில் 10 கிராம் விசை விழும்படி செய்யப்பட்டது. கட்டைவிரல் அடி, முன்பாதத்தில் 1, 3, 5-வது எலும்பு முனைகளின் அடி ஆகிய இடங்களில் பார்ப்பார்கள். காய்ப்பு மேல் வைத்தால் தப்பான பதில்தான் வரும். கூடவே 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

வீட்டில் இரண்டுமே தேவையில்லை. விரல் நுனி போதும். அப்பாவைச் சாக்ஸ், செருப்பு இல்லாமல் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரலால் அவர் கால்விரல் நுனியை இறகாகத் தொட்டு ஒன்று, இரண்டு விநாடியில் எடுங்கள். வரிசை: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. பதில் வரவில்லை என்று இரண்டாம் தடவை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் கால் மரத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, முறையான சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

எல்லாம் சரியாகச் சொன்னாலும் வருடம் ஒரு தடவை டாக்டரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

#6 குடியாத்தம்_மருந்துக்கடை

கடையில் அடிக்கடி விழும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன்.

எரிச்சல் நின்றுவிட்டது, அப்போ நரம்பு சரியாகிவிட்டதா? கட்டாயம் இல்லை. எரிச்சல், குத்தல், ஊசி குத்துகிற மாதிரி வலி எல்லாம் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்போது வருபவை. நரம்பு முழுக்கச் செத்தால் எரிச்சலும் போய்விடும். எரிச்சல் நின்றது மாத்திரையாலா, மரத்ததாலா என்பதை அக்கா சொன்ன விரல் சோதனை காட்டிவிடும்.

மெட்பார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறையும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். எரிச்சல் என்று வந்ததுமே சத்து மாத்திரையை வாங்கி விழுங்குவதைவிட, ஒரு தடவை ரத்தத்தில் பி12 அளவு பார்த்துவிடுவது மேல். குறைவு என்று வந்தால் ஊசியா மாத்திரையா என்று டாக்டர் முடிவு செய்வார். தைராய்டு, குடி, சிறுநீரகக் கோளாறும் இதே தொந்தரவைக் கொடுக்கும். மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரீகாபாலின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் மூன்றும் எரிச்சலைக் குறைக்கும். உணர்வைத் திருப்பிக் கொண்டுவராது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பிரீகாபாலின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்; இல்லையென்றால் தள்ளாட்டம், தூக்கம், கீழே விழுவது. கண்ணழுத்தம் உள்ளவர்களும், சிறுநீர் அடைக்கிற புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்களும் அமிட்ரிப்டிலின் சீட்டு வந்தால் அதை டாக்டரிடம் ஞாபகப்படுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவர் சீட்டைக் கொண்டு வராதீர்கள்.

கால் ஆணிக்கு ஒட்டுகிற பட்டை: அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். மரத்த காலில் அது ஆணியைக் கரைத்துவிட்டு நல்ல தோலையும் அரிக்கும், தெரியவே தெரியாது. சர்க்கரைக்காரருக்கு அதை விற்பதில்லை. பிளேடும் வேண்டாம்.

இன்னொன்று. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 11, 12 இருந்தவர் திடீரென்று கட்டுப்பட்டு வேகமாக இறக்கினால், அந்த இறக்கத்திலேயே கால் எரிச்சல் கடுமையாக வரலாம். மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கினால் இது நடக்க வாய்ப்பு உண்டு. பயந்து மருந்தை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் தணியும். இறக்கும் வேகத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

#7 ஆம்பூர்_அளவுக்காரன்

செருப்பு பற்றி நான் சொல்கிறேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைக்கிறார்கள், ஆனால் நம் ஆட்கள் காலில் ரப்பர் செருப்புதான். அந்த ஹவாய் செருப்பில் இரண்டு கோளாறு. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கும் குச்சி விரலிடுக்கை அறுக்கும். மரத்த காலால் செருப்பைப் பிடித்து நடக்க முடியாது, அதனால் விரலை மடக்கி மடக்கிப் பிடித்து நடப்பார்கள். ஏற்கெனவே கொக்கியான விரல் இன்னும் மடங்கும். செருப்பு கழன்று விழுந்தும் தெரியாமல் வெறுங்காலோடு தெரு முழுக்க நடந்து போகிறவர்கள் உண்டு.

வேண்டியது: குதிகாலுக்குப் பின்னால் வார், முன்னால் அகலமாக இரண்டு வெல்க்ரோ வார், உள்ளே எம்.சி.ஆர். தகடு 10 முதல் 12 மில்லி, அடியில் முள் ஏறாத கெட்டியான சோல். எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுத்தான் இங்கே எல்லாருக்கும் பழக்கமானது. மெத்தென்று எதைப் போட்டாலும் சரி என்று கடையில் ஸ்பாஞ்ச் போட்டுத் தருவார்கள். ஸ்பாஞ்ச் முதல் நாள் சொர்க்கமாக இருக்கும், ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும். நல்ல எம்.சி.ஆரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் கெட்டி ரப்பர். முழுக்க அமுங்கினால் ஸ்பாஞ்ச்.

தைக்கச் சொல்லுங்கள் அல்லது பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஆணி அடிக்கவே கூடாது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள், பழக்க தோஷத்தில் ஒரு ஆணி அடித்துவிடுவார்கள்.

அளவு சாயங்காலம் எடுக்க வேண்டும். காலையில் எடுத்தால் சாயங்காலம் வீங்கும்போது இறுக்கும். நின்றுகொண்டு எடுக்க வேண்டும், இரண்டு காலுக்கும் தனித்தனியாக. பேப்பர் மேல் நின்று பென்சிலை நேராகப் பிடித்து ஓரம் வரைந்தால் போதும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். கட்டைவிரலைப் பார்த்து வெட்டினால் அது இடிக்கும்.

முதல் நாள் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் அந்த இடத்தில் வார் இறுக்கம், திருப்பிக் கொண்டு வாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போகலாம்.

செருப்பு உள்ளே கையை விட்டுத் துழாவி, கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். கல், சாவி, பேனா மூடி, தேள் எதுவும் இருக்கலாம்.

#8 சோளிங்கர்_படி

பாய், விலை எவ்வளவு ஆகும்? எத்தனை மாசம் வரும்?

#9 ஆம்பூர்_அளவுக்காரன்

விலை இடத்துக்கு இடம் மாறும், இங்கே போட்டால் நாளைக்கு அதை வைத்துச் சண்டை வரும். தினமும் போட்டு நடப்பவருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். மேலே தோல் பளபள என்று இருந்தாலும் உள்தகடு தட்டையானால் ஆயுசு முடிந்தது. தகட்டை மட்டும் மாற்றித் தருவார்கள், கேளுங்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதல் நாள் வரும்.

#10 ஆரணி_பிசியோ

பாதப் பராமரிப்புக்குத் தினசரி: சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைத்து, காய்ந்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூசுவது. தொழுநோய் மையங்களில் பல வருடமாகச் சொல்லித் தருவது இதுதான். வெடிப்புக்கு இதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

#11 கோட்டை_மதில்

ஆரணி சார், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சர்க்கரை நோய்க்கான வழிகாட்டுதல்கள் ஊறவைக்காதே என்றே சொல்கின்றன. ஊறினால் விரலிடுக்கு வெந்து வெளுத்து, சேற்றுப்புண் வரும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது போதும் புண் ஆரம்பிக்க. கல்லால் தேய்ப்பதும் ஆபத்து, தேய்க்கிற கையும் மரத்திருந்தால் எவ்வளவு தேய்க்கிறோம் என்றே தெரியாது.

#12 ஆரணி_பிசியோ

நீங்கள் சொல்வது ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்குச் சரி. தொழுநோயில் பெரும்பாலும் ரத்தக்குழாய் நன்றாக இருக்கும், நரம்பு மட்டும்தான் போயிருக்கும். சர்க்கரையில் இரண்டும் போகலாம். ஆனால் வெயிலில் காய்ந்து, தோல் கட்டையாகி, ஆழமாகப் பிளந்த குதிகாலுக்கு எண்ணெயை மட்டும் மேலே பூசினால் உள்ளே இறங்காது. இப்படி வைத்துக்கொள்ளலாமா: நாடித்துடிப்பு பாதத்தில் நன்றாகக் கிடைப்பவர், திறந்த புண் இல்லாதவர், குதிகாலை மட்டும் பத்து நிமிடம். விரல்கள் தண்ணீருக்கு வெளியே.

#13 கோட்டை_மதில்

அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். கல்லை விட்டுவிடுங்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் வெந்நீராக இருக்கக் கூடாது. சூடு பார்க்கக் கையை விடாமல் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறு யாராவது பார்க்க வேண்டும். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ வாசலினோ, விரலிடுக்கை விட்டுவிட்டு.

#14 பாலாற்றங்கரை

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைய வேண்டாம். உள்ளங்காலைப் பார்க்கக் கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே காலைக் காட்டினால் போதும். கண் மங்கலானவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சாக்ஸ் வெள்ளையாகப் போடுங்கள், ரத்தமோ நீரோ கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும். தையல் தடிப்பு வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள்.

#15 வாலாஜா_வண்டி

கோயிலுக்கு செருப்பு போட்டுக்கினு போவ முடியாதே சிஸ்டர். வள்ளிமலை, ரத்தினகிரி, சோளிங்கர் மலை, பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம். போவாதேன்னா யார் கேப்பாங்க?

#16 பாலாற்றங்கரை

போகாதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், அதனால் எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

முதலில் சூடு. 45 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் பொருளை மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தோல் வேகும். 60 டிகிரியில் சில விநாடி போதும். கத்திரி மத்தியானத்தில் வெயில் விழும் கருங்கல் தரை அந்தச் சூட்டை எட்டும். உணர்வு உள்ளவர் குதித்துக் குதித்து ஓடுவார். மரத்த கால் நிதானமாகப் பிரதட்சிணம் செய்யும். கல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வெயில் தாழ்ந்துவிட்டது என்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் காற்று குளிர்ந்திருக்கும், கல் சுட்டுக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. துணைக்கு வந்தவர் உள்ளங்கையைத் தரையில் வைத்து மெதுவாகப் பத்து எண்ணட்டும். எண்ண முடியவில்லையென்றால் அந்தத் தரையில் நோயாளி நடக்கக் கூடாது. ஜலகண்டேஸ்வரர் கோயில் மாதிரி இடங்களில் நிழல் விழும் மண்டபத்து ஓரமாகவே போய் வரலாம். கோடையில் தேங்காய்நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள்.

கெட்டியான பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்று. பெரும்பாலான கோயில்களில் சாக்ஸுக்குத் தடை சொல்வதில்லை, வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸ் சிறு கல்லையும் உரசலையும் குறைக்கும். சூட்டைக் கொஞ்ச நேரம்தான் தாங்கும், நனைந்தால் அதுவும் இல்லை.

கிரிவலம் 14 கிலோமீட்டர். இரவில் சூடு பிரச்சினை இல்லை, பிரச்சினை கோட்டை சார் சொன்ன மூன்றாம் வகை: மொத்தம் இருபதாயிரம் அடி போல, ஒவ்வொரு காலிலும் ஒரே இடத்தில் அதில் பாதி. உணர்வு போனவர்கள், முன்பு புண் வந்து ஆறியவர்கள் இதை வெறுங்காலில் நடக்கவே கூடாது. அது தார் ரோடு. எம்.சி.ஆர். செருப்போடு நடந்து சன்னதி வாசலில் கழற்றலாம், அல்லது ஆட்டோவில் சுற்றலாம். சோளிங்கர் பெரிய மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு படியை வெறுங்காலில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

#17 குடியாத்தம்_மருந்துக்கடை

சுட்டுவிட்டால்: குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கொதிக்கும், அது வேண்டாம், குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், தோசை மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி அன்றைக்கே காட்டுங்கள். வலி இல்லை என்பதை வைத்து லேசான தீக்காயம் என்று எடை போடாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று சொல்லத் தயாராகப் போங்கள்.

#18 ஆரணி_பிசியோ

வெயில் சம்பந்தமில்லாத சூடுகளும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பைக் சைலன்ஸர், வெந்நீர்ப் பை, மழைக்காலத்தில் அடுப்புப் பக்கம் காலை நீட்டுவது.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது, புண் எதுவும் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. சுளுக்கு என்று நீவி விடுவார்கள், அல்லது கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அல்லது யூரிக் அமிலம் என்பார்கள். அது சார்கோ பாதமாக இருக்கலாம். மரத்த காலில் மூட்டுகள் தெரியாமலே நொறுங்கி, நடக்க நடக்கப் பாதத்தின் வளைவு உட்கார்ந்து படகின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிடும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு பாதத்துக்கும் நடுவில் இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டு வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். படுக்க வைத்துக் காலைப் பத்து நிமிடம் உயர்த்தினால் சார்கோவில் சிவப்பு பெரும்பாலும் வடியும், கிருமியில் வடியாது. இது வீட்டில் முடிவு எடுக்க இல்லை, டாக்டரிடம் சொல்ல ஒரு தகவல். அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. நீவுவது அறவே கூடாது.

#19 வாலாஜா_வண்டி

உள்ளங்கால் புண்ணுக்கு மேல மாவுக்கட்டு போடுறாங்களாம். மூடி வச்சா உள்ள புழு வைக்காதா?

#20 கோட்டை_மதில்

உணர்வு போனதால் உள்ளங்காலில் வந்த புண்ணுக்கு இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோயாளிகளின் புண்ணுக்குப் போட்டுப் பழகியது இது. எலும்பு முறிவுக்குப் போடுகிற மாதிரி தடிமனான பஞ்சு வைக்காமல், கால் வடிவத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே வரை போடுவார்கள். பாரம் ஒரே முனையில் விழாமல் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் சுவருக்கும் பரவும். இன்னொரு லாபம், நோயாளி நினைத்தாலும் கழற்ற முடியாது. கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிட்டு நடப்பார்கள், புண் அப்படியே நிற்கும்.

முதல் கட்டை ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். வீக்கம் இறங்கியதும் கட்டு தொளதொளவென்று ஆகி, கால் உள்ளே ஏறி இறங்கிப் புதுப் புண் போடும். அப்புறம் வாரம் ஒன்று, இரண்டுக்கு ஒரு தடவை. முன்பாதத்துச் சாதாரணப் புண் ஆறேழு வாரத்தில் மூடும். ஆழமான சீழ், எலும்பில் கிருமி, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் இதைப் போடக் கூடாது, முதலில் அதைப் பார்க்க வேண்டும். கட்டு நனைந்தால், வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால், காரணமில்லாமல் சுகர் ஏறினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய் வெட்டச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகும் அந்த இடத்துத் தோல் பழைய தோல் இல்லை. ஓராண்டுக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் புண் திரும்ப வருகிறது. கட்டு பிரிக்கிற அன்றைக்கே போட்டுக்கொள்ளச் செருப்பு தயாராக இருக்க வேண்டும். பிரித்துவிட்டு அப்புறம் அளவு கொடுக்கப் போனால் அந்த இடைவெளியிலேயே பிளந்துவிடும்.

#21 சோளிங்கர்_படி

ரத்த ஓட்டம் எப்படிப் பார்ப்பது? டாப்ளர் எடுத்தால் நார்மல் என்றார்கள், ஆனால் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது.

#22 கோட்டை_மதில்

கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வில்லங்கம்: குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் பிபி பட்டையால் அதை அமுக்க முடியாது, எண் பொய்யாக உயர்ந்து 1.3, 1.4 என்று வரும். அது நார்மல் இல்லை. அப்போது கட்டைவிரலில் பிபி பார்க்க வேண்டும், அல்லது டாப்ளர் அலையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அறிக்கையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விடுகிற கெண்டைக்கால் வலி அடைப்பின் குணம். நரம்பு எரிச்சல் இதற்கு நேர்மாறு, ராத்திரி படுத்தபின் கூடும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்த வேண்டும். அடைத்த காலுக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை. ரத்தக்குழாய் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலேயே ஆரம்பிக்கலாம்.

#23 பாலாற்றங்கரை

எப்போது அன்றைக்கே ஓட வேண்டும் என்பதற்கு: புண்ணைச் சுற்றிச் சிவப்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவுவது, காலில் கோடாகச் சிவப்பு ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, வாடை, விரல் கறுப்பது, குளிர்காய்ச்சல். காய்ச்சல் இல்லையென்று இருந்துவிடாதீர்கள், பலருக்கு வராது. சாப்பாடும் மாத்திரையும் மாறாமல் சுகர் மட்டும் திடீரென்று ஏறினால் காலைத் திருப்பிப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டு வருபவரிடமும் காட்டலாம்.

#24 வாலாஜா_வண்டி

கணுக்கால் வெளிப்பக்கம் முட்டில காய்ப்பு கீது எங்க பெரியம்மாவுக்கு. நடக்கிற எடமே இல்லியே அது, அதுக்கும் செருப்பா?

#25 ஆரணி_பிசியோ

அது சம்மணம் போட்டு உட்காருவதால் வருவது. பீடி சுற்றுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், தரையில் உட்கார்ந்து தொழுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த எலும்பு தரையில் அழுந்தும். உணர்வு இருந்தால் கால் மாற்றிப் போடுவார்கள். பெரியம்மாவை நாற்காலியிலோ முக்காலியிலோ உட்காரச் சொல்லுங்கள். தரைதான் என்றால் காலை நீட்டி, குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் அடியில் மடித்த போர்வை, கால் மணிக்கு ஒரு தடவை இடம் மாற்றம். காய்ப்பை வெட்டாமல் கட்டுப் போடும் அறையில் காட்டுங்கள். அதன் நடுவில் கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, நாளைக்கே கூட்டிப்போங்கள்.

#26 வாலாஜா_வண்டி

நடுவுல கறுப்பா கீது சார். காலைல முதல் பஸ்ஸுக்கு கூட்டிகினு போறேன்.

#27 பாலாற்றங்கரை

இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார வைக்காதீர்கள். சீட்டு, சுகர் நோட்டு, போடுகிற செருப்பு மூன்றையும் எடுத்துப்போங்கள். செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவர்கள் பார்ப்பார்கள்.